காலமை மட்டும் எண்ணின சந்தை

கதிரை வேண்டாம் பிள்ளையள். இருந்து கதைச்சா எனக்குக் கதை வராது. வேலை செய்த காலத்திலயும் அப்பிடித்தான், நகரசபைக் கந்தோரில என்ர கதிரையில என்னைவிட என்ர கைப்பைதான் கூட நேரம் இருந்தது. அங்கயும் இஞ்சயும் நடந்துகொண்டு சொல்லுறன். கழுத்து நொந்தா என்னை ஏசுங்கோ.

நீங்கள் எல்லாரும் நகரத் திட்டமிடல் படிச்சுப்போட்டு வந்திருக்கிறியள். ட்ரோன் விடத் தெரியும். கொம்பியூட்டரில கட்டடத்தை எழுப்பிச் சுத்திக் காட்டத் தெரியும். நல்லது, எனக்கு அதொண்டும் தெரியாது. சபையும் தனியார் கம்பனியும் சேர்ந்து ஒரு இடத்தை உடைச்சுக் கட்டேக்க, நடுவில நிக்கிற உத்தியோகத்தர் எந்த நேரம் வாயைத் திறக்கவேணும், எந்த நேரம் மூடவேணும் எண்டது எனக்குக் கொஞ்சம் தெரியும். அதுவும் பயந்து பயந்து பழகினதுதான்.

துறைமுகப் பக்கத்துச் சந்தையை நீங்கள் கண்ணாடியும் லிஃப்டுமாத்தான் கண்டிருப்பியள். பழசு தகரக் கூரை. மழை பெய்தா ஒருத்தர் சொல்லுறது மற்றவருக்குக் கேளாது. காலமை மரக்கறி, வெற்றிலை, கருவாடு. கழிச்சு எறியிறதைத் தின்ன மான்கள் வாசலில வந்து நிக்கும், ஒருத்தரும் கலைக்கிறேல்ல. கம்பனிக்காரர் முதல்முதல் கொண்டுவந்து காட்டின படத்திலயும் மான் இருந்தது. கடற்கரைப் பக்கம் புல்லு வளர்த்து அதில வடிவா நிப்பாட்டியிருந்தினம். "தம்பி, எங்கட மான் புல்லுத் தின்னாது, முட்டைக்கோவா இலைதான் தின்னும்" எண்டன். படம் காட்டின பெடியன் சிரிக்கேல்ல, அதையும் எழுதிக்கொண்டான். அவர்தான் கம்பனியிட திட்ட முகாமையாளர். கொழும்புத் தமிழ்ப் பிள்ளை. கெட்டிக்காரர், மரியாதையானவர். கம்பனிக்காரர் எண்டால் கள்ளர் எண்டு நினைச்சுக்கொண்டு வேலைக்குப் போகாதேங்கோ. கள்ளர் எண்டால் பிடிச்சுவிடலாம். நல்ல மனுசர் நல்ல எண்ணத்தோட பிழை விடேக்கதான் எங்களுக்குத் தலையிடி.

ஒப்பந்தம் இதுதான். காணி சபையிட. கட்டுறது கம்பனி. மேல்தளம் எல்லாம் கம்பனிக்கு, கடலைப் பாத்து ஹோட்டலும் கடையளும். கீழ்த்தளம் பழைய கடைக்காரருக்குத் திரும்பக் குடுக்கவேணும். அப்ப பழைய கடைக்காரர் ஆரார் எண்டு ஒரு பட்டியல் வேணும். கம்பனி ஆக்கள் வந்து எடுத்தினம். காலமை வெள்ளெனக் குளிர்ச்சியில வந்து, கதவுக்கு ஒரு இலக்கம், கடைக்கு ஒரு படம், ஆளிட பேர், எல்லாம் எழுதிக்கொண்டு வெய்யில் ஏற முதல் போயிட்டினம். பட்டியல் என்ர மேசைக்கு வந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தன், எனக்கு இருக்கேலாமல் போச்சுது. அண்டு பின்னேரமே எழும்பிச் சந்தைக்கு நடந்தன்.

சந்தையில அந்த நேரம் லைட் எல்லாம் போட்டு, அடுப்பு மூட்டி, கொத்துரொட்டிச் சத்தமும் ஆக்களிட சத்தமுமா அமளி. பட்டியலில உள்ள ஒருத்தரும் அங்க இல்லை. அங்க நிண்ட ஒருத்தரும் பட்டியலில இல்லை.

செல்வராணியைப் பற்றிச் சொல்லவேணும். சல்லிக் கிராமத்தில இருந்து பின்னேர பஸ்ஸில வாற மனுசி, சரியான வாயாடி. மாவு வாளியோட ஏறினா கொண்டக்டர் ஏசி ஏசியே இடம் எடுத்துக் குடுப்பான். புருசன் இல்லை. மகள் ஒருத்தி கம்பஸில படிக்கிறா, அந்தப் படிப்பு முழுக்க அந்த அப்பச் சட்டியில இருந்துதான் வந்தது. ஹனீபா நானாவிட மரக்கறிக் கடைதான் பின்னேரம் செல்வராணியிட அப்பக் கடை. நானா மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முதலே சாக்கை மடிச்சு, தராசைத் தூக்கி மேல வைச்சிட்டுக் கிண்ணியாவுக்குப் போயிடுவார். பின்னேரம் இவ வந்து தண்ணி அடிச்சுக் கழுவி அடுப்பை மூட்டுவா. விடிய நானா வரேக்க நிலம் கழுவித் துடைச்சுக் கிடக்கும்.

இது அவை ரெண்டு பேரும் கண்டுபிடிச்ச ஏற்பாடு இல்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வர முதல் ஃபெரிப் படகுதானே. கடைசி ஃபெரியை விட்டா விடியும் மட்டும் இந்தக் கரையில குந்தவேண்டியதுதான். அதால கிண்ணியா வியாபாரியள் வெள்ளெனக் கடையைச் சாத்துவினம். சாத்தின கடை சும்மா கிடக்காமல், பின்னேரத்துக்கு டவுன் ஆக்களும் சல்லிப் பக்க ஆக்களும் வந்து நடத்துவினம். பிறகு பாலம் வந்தது, ஃபெரி போச்சுது. வழக்கம் போகேல்ல. ஒரு கதவுக்கு ரெண்டு சீவியம், எல்லாம் வாய்ப்பேச்சு. அந்தச் சந்தையில பாதிக் கடை அப்பிடித்தான்.

சரி, பின்னேர ஆக்களையும் பட்டியலில சேர்த்தாச் சரிதானே எண்டு கேப்பியள். அங்கதான் முடிச்சு. சபையிட உபவிதியில, எடுத்த கடையை வேற ஆளுக்கு விட்டா கடை பறிபோகும் எண்டு கிடக்கு. செல்வராணியிட பேரை நான் எழுதினா, ஹனீபா நானா உபவிதியை மீறினவர் எண்டு நானே சாட்சி சொன்ன மாதிரி. எழுதாட்டி புதுக் கட்டடத்தில செல்வராணி எண்டு ஒரு ஆளே இல்லை. கந்தோரில எல்லாருக்கும் இது தெரியும். சபைச் செயலாளர் ஐயாவே அங்க நிண்டு முட்டை அப்பம் சாப்பிட்டவர்தான். சாப்பிடத் தெரியும், கடை ஆரிட எண்டு தெரியாது.

அண்டைக்கு நான் செல்வராணியிட்டச் சொன்னன், "புதுப் பட்டியலில உங்கட பேர் இல்லை."

சட்டியைச் சுழட்டின கை நிக்கேல்ல. "எப்ப மிஸ் இருந்தது?"

"போடவேணும்."

"ஐயோ, கும்பிட்டன், போட்டுக் கீட்டுப் போடாதேங்கோ! என்ர பேரைப் போட்டா நானாவிட கடை போகும். நானாவிட கடை போனா நான் என்ன, ஆகாயத்திலயா அப்பம் சுடுறது? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்காதேங்கோ மிஸ்."

"போடாட்டி உங்களுக்கு இடம் இல்லை. கீழ்த்தளம் பொழுதுபடப் பூட்டுவினமாம். உள்ள அடுப்பும் கூடாதாம்."

அப்பதான் கை நிண்டது. சட்டியில அப்பம் கருகுது, அவ பாக்கேல்ல. "அப்ப நான் எங்க போறது மிஸ்?" எண்டா. அந்த வாயாடி மனுசி கத்திக் கேட்டிருந்தா நானும் கத்திப் பதில் சொல்லியிருப்பன். மெல்லமாக் கேட்டா. திண்ட அப்பத்துக்குக் காசைக் கூடக் குடுக்க மறந்துபோய் நடந்திட்டன், பின்னால கூப்பிட்டு வாங்கினா, அது வேற கதை.

அடுத்த நாள் காலமை ஹனீபா நானாவிட்டப் போனன். மனுசன் தக்காளியை அடுக்கிக்கொண்டு நிண்டார். நான் வாய் திறக்க முதலே, "மிஸ், நீங்க ஒண்டும் காணல்ல. நானும் ஒண்டும் சொல்லல்ல" எண்டார்.

"செல்வராணி என்ன செய்யும் நானா?"

அடுக்கின தக்காளியை எடுத்துத் திரும்ப அடுக்கினார். "இந்தக் கடை எங்கட வாப்பா நடத்தின கடை. இது போச்செண்டா எண்ட புள்ளையள் தெருவில. அதுக்காக அந்தப் புள்ளய விட்டுட்டு நான் மட்டும் புதுக் கட்டடத்துல போய் ஏசிக்குள்ள குந்துறதா? பேசவும் ஏலா மிஸ், பேசாம இரிக்கவும் ஏலா. ராவைக்கு நித்திரையே இல்ல." சொல்லிப்போட்டு என்னை நிமிர்ந்து பாத்தார். "ஒங்களுக்கு நித்திரை வருதா?"

எங்க வருது!

செயலாளர் ஐயாவிட அறைக்குப் போனன். அவர் பட்டும் படாமலும் கதைக்கிற மனுசன். விசயத்தைச் சொல்லத் தொடங்கினன், உடன கையை உயர்த்தினார். "பேர் சொல்லாதேங்கோ. எழுத்திலயும் தராதேங்கோ. என்ர காதில விழுந்தா நான் நடவடிக்கை எடுக்கவேணும்."

"அப்ப என்ன ஐயா செய்யிறது?"

"என்னட்டக் கேக்காதேங்கோ" எண்டார். நான் கதவைத் திறக்க, பின்னால இருந்து மெல்லமாச் சொன்னார். "சபை ஒண்டை மன்னிச்சுத் தீர்மானம் எடுத்தா, பிறகு நான் தண்டிக்கேலாது. தீர்மானத்துக்கு முதல் எனக்குத் தெரியவந்தா, தண்டிக்காமல் விடவும் ஏலாது. விளங்குதோ?"

விளங்கிச்சு. உண்மை வெளியில வரத்தான் வேணும், ஆனா முதல் தீர்மானம், பிறகு உண்மை. மாறி வந்தா ரெண்டு குடும்பமும் தெருவில. பிள்ளையள், இந்த ஒரு விசயத்தை நெஞ்சில போட்டு வைச்சிருங்கோ. நேர்மையான உத்தியோகத்தர் எண்டு பேர் எடுக்கிற அவசரத்தில, ஒதுங்க இடமில்லாத சனத்தை மழையில நிக்கவைச்சிட்டு நாங்கள் குடையோட போயிடுவம். நான் அப்பிடி ஆக்களோட வேலை செய்திருக்கிறன்.

ஒரு பெண் உறுப்பினரைப் பிடிச்சு ஒரு பிரேரணை எழுதுவிச்சன். இதுவரைக்கும் கடையள் எப்பிடி நடந்தது எண்டதை வைச்சு ஒருத்தரிட கடையையும் பறிக்கிறேல்ல, பின்னேர வியாபாரியளையும் எண்ணவேணும், அவ்வளவுதான். கூட்ட நிகழ்ச்சிநிரலில அது முதல், கடைக்காரர் பட்டியல் பிறகு. ஹனீபா நானா, செல்வராணி, மற்ற ஆக்கள் எல்லாரிட்டயும் சொல்லி வைச்சன், தீர்மானம் நிறைவேறும் மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்காதேங்கோ எண்டு. எல்லாரும் தலையாட்டினவை.

கூட்டத்தண்டு சபா மண்டபம் நிறைஞ்சு போச்சுது. பின்வரிசை வாங்கில கடைக்காரர். ஹனீபா நானா வெள்ளைச் சாரமும் தொப்பியுமா, பெருநாளுக்கு வந்த மாதிரி. செல்வராணி கதவடியில நிக்கிறா, உள்ள வரவும் இல்லை, போகவும் இல்லை. கம்பனித் தம்பி முன்னால இருந்து மணிக்கூட்டைப் பாக்கிறார். பட்டியல் உறுதியாகினாத்தான் வங்கி காசை விடுமாம், அண்டைக்கே கொழும்புக்குத் திரும்பவேணுமாம்.

கூட்டத்தை நடத்துற தவிசாளர் வந்து இருந்தார். "கம்பனி ஆக்கள் தூரம் போகவேணும். அதால கடைக்காரர் பட்டியலை முதல் எடுப்பம்" எண்டார்.

செயலாளர் ஐயாவைப் பாத்தன், அவர் மேசையைப் பாத்தார்.

தவிசாளர் பட்டியலை வாசிச்சு முடிச்சார். "ஆருக்கும் ஆட்சேபணை இருக்கோ?" எண்டு கேட்டுப்போட்டு, இல்லை எண்டு தானே சொல்ல வாயெடுக்கிறார். பின்வரிசையில வாங்கு இழுபடுற சத்தம். திரும்பிப் பாத்தா ஹனீபா நானா எழும்பி நிக்கிறார். முகம் வேர்த்து ஊத்துது. அவரால பேசாமல் இருக்கேலாமல் போச்சுது.

"தலைவர், எண்ட கடை இரிக்கே..."

"இருங்கோ நானா!"

அது நான். அந்த மண்டபத்தில உத்தியோகத்தர் ஒருத்தர் அப்பிடிக் கத்தினதில்லை. உண்மை சொல்ல எழும்பின மனுசனை நான் அதட்டி இருத்தினன். நானா திகைச்சுப்போய்த் தொப்பெண்டு இருந்தார். எல்லாத் தலையும் என்ர பக்கம் திரும்பிச்சு.

தவிசாளருக்கு முகம் சிவந்து போச்சுது. "என்ன இது? அவர் கதைக்கட்டுமே. நீங்கள் ஆர் தடுக்க?"

"தலைவர், இந்தப் பட்டியல் சரியெண்டு உறுதிப்படுத்தவேண்டிய உத்தியோகத்தர் நான். என்னால உறுதிப்படுத்தேலாது. இது காலமை மட்டும் எண்ணின பட்டியல். சந்தை பின்னேரமும் இருக்கு."

"பின்னேரம் ஆர் இருக்கினம்? பேரைச் சொல்லுங்கோ."

பாத்தியளோ, எல்லாம் அந்த ஒரு கேள்வியிலதான். சொன்னா நானா முடிஞ்சார். தெரியாது எண்டா பொய், பட்டியல் நிறைவேறும், செல்வராணி முடிஞ்சா. கதவடியில செல்வராணி, சொல்லாதேங்கோ எண்டு கையால காட்டுறா.

"பேர் சொல்லலாம் தலைவர். ஆனா சபை அந்தப் பிரேரணையை எடுத்தாப் பிறகுதான் சொல்லுவன். அதுக்கு முதல் என்னட்டக் கேட்டா வாய் திறக்கமாட்டன். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிறதெண்டா எடுங்கோ."

கம்பனித் தம்பி எழும்பி, "தலைவர், நாங்க இண்டைக்கே..." எண்டு தொடங்க, செயலாளர் ஐயா தொண்டையைச் செருமினார். மேசையில இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார், "சபை விரும்பினா நிகழ்ச்சிநிரலை முந்தி இருந்த ஒழுங்குக்கே மாத்தலாம். விதியில இடம் இருக்கு."

அந்த மனுசனை எனக்கு அண்டைக்குக் கட்டிப்பிடிச்சுக் கும்பிடவேணும் போல இருந்தது.

பிரேரணையை அந்தப் பெண் உறுப்பினர் முன்வைச்சா. வாக்குவாதம் எண்டா வாக்குவாதம். சட்டத்தை மீறினவைக்குச் சபை வெகுமதி குடுக்கிறதோ எண்டு ஒருத்தர் மேசையில அடிச்சார். அந்தச் சந்தையில பின்னேரம் சாப்பிடாத உறுப்பினர் ஆரும் இருந்தா கையை உயர்த்துங்கோ எண்டு இன்னொருத்தர் கேக்க, சிரிப்பு எழும்பிச்சு. சிரிப்புத்தான் காப்பாத்தினது எண்டு நினைக்கிறன். மயிரிழையில நிறைவேறிச்சு.

நான் திரும்பிப் பாத்து நானாவுக்குத் தலையசைச்சன். மனுசன் என்னை நம்பாமல் செயலாளரைப் பாத்தார், பிறகு தவிசாளரைப் பாத்தார், மெல்ல எழும்பினார். "தலைவர், பின்னேரம் அது எண்ட கடை இல்ல. சல்லி செல்வராணிட கடை. ஃபெரி காலத்துல இருந்து அப்பிடித்தான் அந்தச் சந்தை. எனக்கு ஒரு கதவு தாறியள் எண்டா அந்தப் புள்ளைக்கும் அதே கதவு வேணும். அவ்வளவுதான்." சொல்லிப்போட்டு இருந்து, தொப்பியைக் கழட்டி முகத்தைத் துடைச்சார்.

பட்டியல் அண்டைக்கு உறுதியாகேல்ல. கம்பனித் தம்பிக்கு என்னில சரியான கோபம். "முதலே எங்கட்ட சொல்லியிருக்கலாமே மிஸ்" எண்டார் படியில வைச்சு.

"சொல்லியிருந்தா நீங்கள் உங்கட வக்கீலிட்டச் சொல்லியிருப்பியள். அவர் உபவிதியைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்திருப்பார். இல்லையோ?"

"வந்திருப்பார்தான்" எண்டார். பிறகு அதே தம்பிதான் படத்தைத் திரும்பக் கீறினது. கீழ்த்தளத்துக்கு ஒரு தனி வாசல், பின்னேரம் பூட்டாத வாசல். அடுப்புப் புகை போகக் குழாய். ஒப்பந்தத்திலயும் எழுத்தில வந்தது, காலமை ஒரு பேர், பின்னேரம் ஒரு பேர். மண்டபத்தில கத்தினதுக்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதமும் வந்தது. கையெழுத்து ஆரிட? செயலாளர் ஐயாவிட! தந்துபோட்டு, "பதிலைச் சுருக்கமா எழுதுங்கோ" எண்டார்.

எல்லாரும் பிழைச்சினம் எண்டு நினைக்காதேங்கோ. திரும்ப எண்ணேக்க நாங்கள் பின்னேரம் பின்னேரமாப் போய் இருந்தம். கன பேர் வந்து பேரைத் தந்தினம். சில பேர் இது பொறி எண்டு நினைச்சு ஒதுங்கிட்டினம். மணிக்கூடு திருத்துற ஒருத்தர் இருந்தார், மூலையில ஒரு பெட்டியை வைச்சுக்கொண்டு இருப்பார். தேடிப் போய்க் கேட்டன். "எனக்கு ஒரு கடையும் இல்லை மிஸ், நான் சும்மா வந்து இருக்கிறனான்" எண்டு சாதிச்சுப்போட்டார். புதுக் கட்டடத்தில அவர் இல்லை. எங்க போனார் எண்டும் தெரியாது. அரசாங்க ஆள் பேர் கேட்டா நல்லதுக்கில்லை எண்டு அந்த மனுசன் எத்தினை காலமாப் படிச்சு வைச்சிருந்தாரோ! அதை ஒரு தீர்மானத்தால அழிக்கேலாது. இப்ப நினைச்சாலும் எனக்கு ஒரு இடத்தில நிக்க மனம் வராது, அதுதான் நடக்கிறன்.

சந்தை திறந்த கிழமை ஒரு பின்னேரம் போனன். அப்ப நான் ஓய்வு எடுத்திட்டன், கையில ஒரு அதிகாரமும் இல்லை. புது வாசலால உள்ள போறன், லைட் எல்லாம் பளபளக்குது, எனக்குக் கண்ணீர் வரப்பாக்குது. மனசுக்குள்ள நினைக்கிறன், செல்வராணி கண்டா ஓடி வந்து கையைப் பிடிக்கும், நான் என்ன சொல்லுறது எண்டு.

கண்டா. கையில அகப்பை. ஓடித்தான் வந்தா.

"மிஸ்! உங்களைத்தான் தேடிக்கொண்டு நிக்கிறன். எந்த அறிவுகெட்டவன் இந்தத் தண்ணிக் குழாயை அந்தத் தொங்கலில வைச்சது? ஒவ்வொரு தரமும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போறதெண்டா நான் அப்பம் சுடுறதோ, தண்ணி சுமக்கிறதோ? படம் கீறேக்க நீங்கள் ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல! இது என்ர கடை மிஸ், ஒப்பந்தத்தில என்ர பேர் இருக்கு. நான் விடமாட்டன், சொல்லிப்போட்டன்!"

சந்தை முழுக்கக் கேக்கக் கேக்க ஏசினா. கும்பிட்டன், என்ர பேரைப் போடாதேங்கோ எண்ட அதே மனுசி. என்ர உத்தியோக காலத்தில எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கினம், மாலை போட்டிருக்கினம், ஒண்டும் அந்த ஏச்சுக்குக் கிட்ட வராது. அங்கயே நிண்டு கம்பனித் தம்பிக்கு ஃபோன் எடுத்து, "தம்பி, குழாய் பிழையான இடத்தில இருக்கு, கடைக்கார அம்மா சரியான கோபத்தில நிக்கிறா" எண்டு சொல்லி, ஃபோனை அவவிட கையில குடுத்தன்.